மூக்குக்கு நேரே

நாலு ரோட்டுக் கடையில்
ஆறாயிரத்து எண்ணூறு கொடுத்தேன்.
கோடு தெரியாத கண்ணாடி.
மேலே தூரம், நடுவில் ஆள், அடியில் எழுத்து.
"ஒண்ணுக்குள்ள மூணுக்கா" என்றான்
கடைக்காரர் மகன் இம்தியாஸ்.
"ஓரத்துல மட்டும் ஒண்ணும் இருக்காது.
கண்ணைத் திருப்பாதீங்க,
மூக்கைத் திருப்புங்க.
பத்து நாள்ல பழகிடும்."

கடையைவிட்டு இறங்கினால்
மூன்றாவது படி என்னைப் பார்க்க
எழுந்து வந்தது.
சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
டீக்கடை பெஞ்சில் இருந்தவர்
"சுகரா?" என்றார்.

வத்தல்மலை மரம் மரமாகத் தெரிந்தது, உண்மைதான்.
ஆனால் வீட்டில் தோசை
ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது.
வாசற்படிக்கு வாசற்படி
குனிந்து கும்பிட்டபடி நடந்தேன்.

பட்டுக்கூடு அங்காடியில்
அடிக்கண்ணில் ரசீது,
நடுக்கண்ணில் தராசு,
மேல்கண்ணில் ஏலப் பலகை.
இடம் தேடித் தேடித் தலை ஆடுகிறது.
பாலக்கோட்டுத் தீர்த்தகிரி
தன் கூடு முதல்தரம் என்று
நான் தலையாட்டுவதாக நினைத்துச்
சிரித்துவிட்டுப் போனார்.
மூட்டையில் பாதி இரட்டைக்கூடு.

இடப்பக்கம், இரண்டு முழத்தில், பாஞ்சாலை.
நாலு வருஷமாகப் பேச்சில்லை.
சீட்டுப் பணம்.
அவள் ஒரு கணக்குச் சொல்வாள், நான் ஒன்று.
பேச்சில்லையே தவிர
ஓரக்கண் இருந்தது.
டப்பாவில் களியா சோறா,
வளையல் எப்போது அடகுக்குப் போனது,
எப்போது திரும்பியது, எல்லாம் தெரியும்.
போன ஆடியில் அவள் கன்னம் வீங்கியிருந்தது.
பல்லா, புருஷனா?
அன்று முழுக்க
ரசீதைத் தப்புத் தப்பாகப் போட்டேன்.

இப்போது அந்த ஓரத்தில்
கலங்கின தண்ணீர்.
மஞ்சளாக ஏதோ அசைகிறது.
புடவையா, கூட்டுக் குவியலா?

ஐந்து நாள் பொறுத்தேன்.
ஆறாம் நாள் மதியம்
டப்பா திறக்கும் சத்தம்.
கண்ணை எறிந்தேன், ஒன்றும் அகப்படவில்லை.
அப்புறம் மூக்கு திரும்பியது.
நான்தான் திருப்பினேன் என்று
சத்தியம் செய்ய மாட்டேன்.

நடுக்கண்ணாடி நிறைய அவள் முகம்.
புருவத்தில் ஒற்றை நரை.
உதட்டோரம் ஒரு பருக்கை.

"என்ன?" என்றாள்.
"ஒண்ணுமில்ல. கண்ணாடி புதுசு.
ஓரம் தெரியல."
"எவ்வளவு?"
சொன்னேன்.
"ஏமாத்திட்டான்" என்று
கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினாள்.

கழற்றிக் கொடுத்தேன்.
மாட்டிக்கொண்டு என் பக்கம் பார்த்தாள் போலிருக்கிறது.
எனக்குத்தான் இப்போது
எந்தத் தூரத்திலும் எதுவும் தெரியாதே.
மங்கலாக ஒரு தலை
மேலும் கீழும், மேலும் கீழும்
மெதுவாக ஆடியது.

இடம் தேடித்தான் ஆடியிருக்கும்.
தீர்த்தகிரி மாதிரி நானும்
அதைச் சம்மதம் என்று
எடுத்துக்கொண்டேன்.