உச்ச நேரம்

வரைபடத்தில் அது வெறும் கறை.
உயரக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி
பழுப்பாய்க் கட்டிதட்டிப்போன
விரல் நீள இடம்.
மசினகுடி தாண்டி இறங்கத் தொடங்கியதும்
அந்தக் கோடுகளை
ஒவ்வொன்றாய்ப் பிரித்துக் காட்டியது
என் வலது முழங்கால்.

பாறுக் கழுகுகளை எண்ண வந்திருந்தோம்.
நான், நாற்பத்து மூன்று வயது,
ஒரு தொலைநோக்கி, படிவம் நான்கு பிரதி.
நஞ்சி, வேட்டைத் தடுப்புக் காவலர்,
காக்கிக்கு மேல் மஞ்சள் ஸ்வெட்டர்,
சட்டைப்பை நிறைய வறுத்த கடலை.
மோயாறு என்று நான் எழுதுவதை
அவள் மாயாறு என்றாள்.
இருக்கலாம்.
விளிம்பில் நின்று குனிந்தபோது
ஆறு இருக்கவேண்டிய இடத்தில்
சத்தம் மட்டும்தான் இருந்தது.

கீழே வந்தபின் இருந்தது ஆறு.
மாசிக்கு மெலிந்து, கணுக்கால் ஆழம்.
பாறையில் அது குடைந்த குழிகள்
வட்ட வட்டமாய்,
குழிக்கொரு உருண்டைக் கல்.
ஆட்டுக்கல்லும் குழவியும்.
எத்தனை ஆடி வெள்ளமோ,
மாவே இல்லாமல் அரைத்திருக்கிறது.

எதிர்ச் சுவரில் வெள்ளை வழிசல்கள்,
சுண்ணாம்பு அடிக்க வந்தவன்
கூலித் தகராறில் பாதியில் போனதுபோல்.
வழிசல் இருந்தால் மேலே கூடு.
பதினொன்று எண்ணினேன்.
ஒன்பதாவதில் ஒரு குஞ்சு
மொட்டைத் தலையைத் தூக்கி
எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு
இவ்வளவுதானா என்று உட்கார்ந்துகொண்டது.

வளைவுக்கு அப்பாலும் பார்த்துவிடலாம் என்று
கல் கல்லாய்த் தாண்டி
நடுப்பாறைக்குப் போனோம்.
போகிற போக்கில் நஞ்சி
கரையோரம் ஒரு குச்சி நட்டாள்.
ஏன் என்று கேட்டேன்.
"சும்மா."

ஆறரைக்குக் குச்சி குட்டையாகியிருந்தது.
பொட்டு மேகம் இல்லை.
ஓர் இலைகூட நனையவில்லை.
ஆறு மட்டும் ஏறியது,
கோபமே இல்லாமல்,
ஷிப்டுக்குக் கிளம்பிய ஆள் மாதிரி.
திரும்பிப் பார்ப்பதற்குள்
நாங்கள் தாண்டி வந்த கற்களைக் காணோம்.
குச்சியையும்.

"மேல மிஷின் ஓட்டுறாங்க,"
கடலைத்தோலை ஊதினாள் நஞ்சி.
"சாயங்காலம் கரண்டு நெறைய வேணுமில்ல."

பல்லடத்தில் யாரோ தறியைத் தட்டிவிடுகிறார்.
ஈரோட்டில் ஒரு மிக்சி தேங்காயைக் கடிக்கிறது.
பீளமேட்டில் என் மகள்
எல்லா அறையிலும் விளக்கைப் போட்டுவிட்டு
ஒரே அறையில் உட்கார்ந்திருப்பாள்.
எத்தனை தடவை திட்டியிருப்பேன்.
அத்தனையும் சேர்ந்து
இங்கே என் பூட்ஸ் வரைக்கும் வந்து நிற்கிறது.

"எப்ப எறங்கும்?"
"சீரியல் எல்லாம் முடியணும்."

இருட்டிவிட்டது.
தண்ணீருக்கடியில் குழிக்கற்கள் சுற்ற ஆரம்பித்தன.
அரைக்கிற சத்தம் பாறை வழியாக ஏறி
உட்கார்ந்த எலும்பில் கேட்டது.
அவள் வீட்டில் கரண்ட் உண்டா
என்று கேட்டிருக்க வேண்டாம்.
"உண்டு. மிக்சிதான் ரிப்பேர்."
சற்றுப் பொறுத்து,
"இன்னைக்குத்தான் அந்த மாமியார்
மாட்டிக்குவா. பாக்க முடியாமப் போச்சு."
அந்த மாமியார் செய்ததெல்லாம்
முதலிலிருந்து சொன்னாள்.
அக்கிரமக்காரிதான்.
மேலே எங்கேயோ, கல்லும் வானமும்
ஒரே கறுப்பான இடத்தில்,
குஞ்சும் கேட்டுக்கொண்டிருந்திருக்கும்.

கடலை தீர்ந்தது.
ஒன்பதரைக்கு அரைப்புச் சத்தம் தளர்ந்தது.
ஒரு வீட்டில் அணைத்தார்கள்.
இன்னொரு வீட்டில்.
டார்ச்சைக் கரைக்கு அடித்து அடித்து
கை கடுத்தது.

பத்தே காலுக்கு
குச்சியின் நுனி,
ஈரமாய், சற்றுச் சாய்ந்து.

எழுந்தேன்.
"உக்காருங்க, இன்னும் ஒரு சாண் எறங்கணும்," என்றாள் நஞ்சி.

யாரோ இன்னும் தூங்கவில்லை.