காரல்

மாஞ்சோலை ஆஸ்பத்திரியில் நேற்றிரவு
டெல்சியாவுக்குப் பெடியன் பிறந்தான்.
பால் சுரக்கேல்லையாம். காரல் சொதி வேணும்.

நாயாற்றுக் கரைவலையில் வந்தது,
ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு கும்பி.
தகட்டுத் தடிப்பு, கையெல்லாம் வழுவழுப்பு,
பிடித்தால் வாயைக் குழாயாய் நீட்டி
சின்னதாய் உறுமும் சாதி.
பாரை வாங்க வருகிறவர்கள்
காலால் ஒதுக்கிவிட்டுப் போவார்கள்.

செவிளைக் கிள்ளிக் குடல் எடுக்கையில்
கறண்ட் போனது.

கண் இருட்டுக்குப் பழகப் பழக
பலகையில் ஒரு நீலம்.
செத்த மீனின் உணவுக்குழாயைச் சுற்றி
மோதிரம்போல ஒரு பை.
அது மட்டும் இன்னும் சாகவில்லை.
தொட்டேன். நகமும் நீலம்.

விலங்கியல் படிக்கிற அன்ரனிற்றாவுக்குப் போன் எடுத்தேன்.
அது மீனின் வெளிச்சம் இல்லை, அக்கா,
பைக்குள் குடியிருக்கிற கிருமிகளின்ரை.
மீன் சாப்பாடு போடும், அதுகள் விளக்கெரிக்கும்.
ஆணுக்குப் பை பெரிசு, விலாவில் கண்ணாடித் தோல்.
இரவில் கூட்டமாய் நின்று
ஒரே நேரத்தில் மினுக்குவினம்,
பெட்டையளுக்குக் காட்ட.

பகலில்?

பகலில் ஒளிக்கத்தான்.
கீழே நிற்கிற பெரிய மீன் அண்ணாந்தால்
மேலே வெளிச்சம், நடுவில் இதன் நிழல்.
நிழலை அழிக்க வயிற்றை எரிக்கும்.

சட்டியை அடுப்பில் வைக்க மறந்து இருந்தேன்.

மாத்தளனில் நாங்கள் அணைத்துத்தான் ஒளித்தோம்.
பங்கருக்குள் நெருப்புக்குச்சி கிழித்ததற்கு
டெல்சியாவின் கையில் அடித்தேன், ஆறு வயசு.
மேலே வண்டு சுற்றிக்கொண்டிருந்தது.
ஒளி என்றால் வெளிச்சம்.
ஒளி என்றால் மறைந்துகொள்.
எங்களை மேலிருந்து பார்த்தார்கள்,
இதைக் கீழிருந்து பார்க்கிறார்கள்.
வித்தியாசம் அவ்வளவுதானோ, தெரியாது.

இன்னொன்றும் சொன்னாள்:
பொரிக்கிற குஞ்சிடம் வெளிச்சம் இல்லை.
வெறும் பை.
மற்றக் காரல்கள் கழித்துவிட்ட கிருமியை
கடல்தண்ணியிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

உள்ளி தட்டி, மிளகு போட்டு,
தேங்காய்ப்பால் திரையமுதல் இறக்கி
பிளாஸ்கில் ஊற்றினேன்.

வார்டில் அவன் கத்திக்கொண்டிருந்தான்.
லைற்றை நூக்கவோ என்று நேர்ஸ் கேட்டாள்.
எரியட்டும் என்றாள் டெல்சியா,
கோப்பையிலிருந்து முகம் எடுக்காமல்.

என் நகத்தைப் பார்த்தேன்.
ஒன்றுமில்லை. உள்ளி மணம்.