உள்ளே ஆடுவது

பவர் ஆஃப் பண்ணி
காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தேன்.
கடக் கடக் என்றது.
'பாய், உள்ள ஏதோ கழண்டிருக்கு.'

பர்மா பஜார் நெரிசலில்
ஜக்கரியா டீ கிளாஸைக் கீழே வைத்தார்.
'கழண்டுதாம்மா இருக்கணும்.
சென்சார் காந்தத்துல மெதக்குது.
உன் கை இந்தப் பக்கம் போனா
அது அந்தப் பக்கம் போகும்.
அதுக்குத்தான் நாப்பதாயிரம் ஜாஸ்தி.'

பக்கத்தில் இன்னொரு பாடி.
அதே பிக்சல், அதே ஃபோகஸ்.
ஆட்டினால் சத்தமே இல்லை.
கை நடுங்கினால் கூடவே நடுங்கும்,
அப்படியொரு விசுவாசம்.

நாற்பதாயிரம் என்றால்
பதினோரு வளைகாப்பு.
இல்லையென்றால் எட்டு வளைகாப்பும்
கட்சிக்காரர் வீட்டுக் காதுகுத்து ஒன்றும்,
அதில் பாதிப் பணம் வராது.

என் வீடு தண்டையார்பேட்டை.
துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள்
ராத்திரி முழுக்க வரிசைகட்டும் ரோட்டிலிருந்து
நாலாவது வாசல்.
லாரி நகர்ந்தால்
டம்ளர் தண்ணீர் வட்டம் போடும்.
ட்ரைபாடில் வைத்து எடுத்த நிலாவுக்கே
இரண்டு விளிம்பு.
தரை ஆடுகிற தெருவில்
கையை மட்டும் குறை சொல்லி என்ன?

ஒரு வாரம் இரண்டையும் கொடுத்தார்,
ஆதார் அட்டையையும் ஸ்கூட்டி ஆர்.சி.யையும்
பிடித்து வைத்துக்கொண்டு.

மிதக்கிறதை முதலில்
வியாசர்பாடிக்குக் கொண்டுபோனேன்.
பாக்ஸிங் கூடம், ஒரே ட்யூப்லைட்.
பதினைந்தில் ஒரு நொடி.
கயிறு பளிச். சுவரில் ஈரக்கறை பளிச்.
பெஞ்சில் கிடந்த கையுறையின் கிழிசல்கூடத்
தையல் தையலாக.
நடுவில் ரெஜினாமேரி இருக்கவேண்டிய இடத்தில்
புகை.
எட்டிப் பார்த்தாள், வாயிலிருந்து
பல்காப்பைத் துப்பிவிட்டு:
'செவுத்தையா எடுத்த, அக்கா?'

என் நடுக்கத்தைத்தான் அது மன்னிக்கும்.
எதிரில் இருப்பவளின் அவசரம்
அதன் கணக்கில் இல்லை.

ஆனால் பொய் சொல்லக்கூடாது.
ராயபுரத்து மாதா கோயிலில், சாயங்காலம்,
ஆள் போனபிறகு
ஒரு மெழுகுவர்த்தி.
அரை நொடி, வெறுங்கை.
சுடர் நின்றது. உருகி வழிந்த மெழுகில்
விரல்ரேகை தெரிந்தது.
அவ்வளவு அசைவற்ற படம்
வாழ்க்கையில் நான் எடுத்ததில்லை.
நான் அங்கே இருந்த மாதிரியே இல்லை.
அதுதான் கொஞ்சம் உறுத்தியது.

இறுக்கமானதைக் காசிமேட்டுக்கு.
விடிய இன்னும் இரண்டு மணி நேரம்.
சோடியம் விளக்கு, டீசல் நாற்றம்,
காலுக்கடியில் உருகும் ஐஸ்.
தேசப்பன் ஏலம் கூவுகிறார்.
மூச்சைப் பிடித்தேன். முட்டியை உடம்போடு ஒட்டினேன்.
முகத்தில் ஃபோகஸ் வைத்து அழுத்தும் நேரம்
'வழி வழி வழி' என்று பின்னாலிருந்து ஒருத்தர்
தலையில் கூடையோடு
என் தோளை இடித்துத் தள்ளிக்கொண்டே போனார்.

திரையில் பார்த்தால்
விளக்கெல்லாம் மஞ்சள் கோடு.
படகு, கயிறு, ஏலம் கேட்கும் கூட்டம்
எல்லாம் ஒரே பக்கமாக இழுபட்டிருக்க,
என்னை இழுத்துக்கொண்டு ஓடிய அந்தக் கூடையில்
ஒரு வஞ்சிரத்தின் கண் மட்டும்
அப்படியே என்னைப் பார்த்தது.
இடித்தவரின் வேகத்தில்
ஒரு கணம் நானும் போயிருக்கிறேன்.

தேசப்பனிடம் காட்டினேன்.
பெரிதாக்கி, சிறிதாக்கி, திருப்பி
'மீன் நல்லா கீது' என்றார்.
'என் மூஞ்சி எங்கம்மா?'

திங்கட்கிழமை, சத்தம் போடாததை வாங்கிவிட்டேன்.
மிச்சத்தில் பழைய முப்பத்தைந்து லென்ஸ்,
ஒன்று புள்ளி நாலு,
ஓரத்தில் துளி பூஞ்சை.
சரியான முடிவா, தெரியாது.
யாராவது நடந்துகொண்டே வீடியோ கேட்டால்
மற்றதை வாடகைக்கு எடுக்கத்தான் வேண்டும்,
நாளைக்கு ஆயிரத்து இருநூறு.
ஜக்கரியா பில் எழுதும்போது
அதை இன்னொரு தடவை ஆட்டிப் பார்த்தேன்.
'ஒடச்சிடாத' என்றார்.

இப்போது மாடியில் நிற்கிறேன்.
எதிர் வீட்டு ஜன்னலில் ஒரு பையன்
பல்பு வெளிச்சத்தில் பரீட்சைக்குப் படிக்கிறான்.
இருபதில் ஒரு நொடி கிடைக்கும்.
கைப்பிடிச் சுவரில் கேமராவை அழுத்திக்கொண்டு,
லாரி போகட்டும் என்று
காத்திருக்கிறேன்.
பின்னாலேயே
இன்னொன்று.