மான் தின்ற தாள்

பிஸ்கட் தகரத்துக்குள் முப்பத்தொரு போன்கள்.
மூடி இறுகவில்லை. அதன்மேல்
பாட்டுப் புத்தகத்தைப் பாரமாய் வைத்தா
சிஸ்டர் கொன்சலாற்றா.
பதினோராம் ஆண்டின் ஞான ஒடுக்கம்:
"நாளைக்குப் பூசை முடியும்வரை
ஒருத்தரும் ஒருத்தரோடும் கதையாதேங்கோ."

எனக்கு அது சுகம்.
அனற்றாவோடு நான் கதைத்து
நாலு மாதமும் சில நாளும்.

வகுப்பில் எங்கள் மௌனம் எல்லோருக்கும் தெரியும்.
அழிறப்பரைக்கூட மூன்றாம் ஆளிடம்
சொல்லி வாங்குகிற மௌனம்.
இங்கே முப்பத்தொரு பேரின் மௌனத்துக்குள்
அது எங்கே போனதென்று தெரியவில்லை,
கொட்டியாரக் குடாவில் ஊற்றிய
ஒரு சிரட்டைத் தண்ணீர்.

இரவு பாணும் பருப்பும்.
சம்பல் கோப்பை அவள் பக்கம்.
கை நீட்டினேன். பார்த்தாள். தள்ளிவிட்டாள்.
எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.
என்றாலும் அந்தச் சம்பல் கூட உறைத்தது.

தானாகப் பெயர் கொடுத்து வந்த
சைவப்பிள்ளை ஆரணி
நற்கருணைக்கு முன்னால் சப்பாணி கட்டி
எங்களைவிட அசையாமல் இருந்தாள்.

நித்திரை வரவில்லை.
துறைமுகத்தில் ஏதோ கப்பல்
விடியும்வரை உறுமியது.
வீட்டில் என்றால் போனைத் தட்டியிருப்பேன்.
தட்ட ஒன்றுமில்லாத கைக்கு
விஞ்ஞானப் பரீட்சை ஞாபகம் வந்தது.
கீழே விழுந்த துண்டு என் கையெழுத்து.
எழுப்பப்பட்டவள் அவள்.
"ஆர் எழுதினது?" மூன்று தரம் கேட்டார்கள்.
அன்றைக்கும் நான் மௌனமாய்த்தான் இருந்தேன்.
ஒருவரும் அதைத் தியானம் என்று சொல்லவில்லை.

காலையில், பாவசங்கீர்த்தனத்துக்கு எழுதச் சொன்ன தாளில்
பொய், பொறாமை, அம்மாவை எதிர்த்தது என்று
வழக்கமாய் எழுதுகிற மூன்றையும் விட்டு
ஒரே ஒரு வரி.
வாங்கில் வைத்துவிட்டுச் செருப்பைத் தேடின நேரம்
கோட்டைப் பக்கமிருந்து வந்த புள்ளிமான்
அதைச் சப்பிக்கொண்டு நின்றது.

பின்னால் ஒரு சிரிப்பு.
வாயைப் பொத்தியும் அடங்காத, எனக்குத் தெரிந்த சிரிப்பு.
"என்னடி எழுதினனி?"
பூசை மணி இன்னும் அடிக்கவில்லை.
"உன்ர பேர்," என்றேன்.
"அந்தத் துண்டு என்ர எண்டு."

சிரிப்பு நின்றது.
மான் அடுத்த வாங்குக்குப் போனது.

மன்னித்தாளா, தெரியாது.
பூசையில் சமாதானம் பகிரும்போது
என் கையைத் தொட்டாள்.
பிறகு ஆரணியின் கையை,
அதே அளவு நேரம்.

பஸ்ஸுக்குள் தகரம் திறக்க முப்பது கைகள் பாய்ந்தன.
கடைசியாய் வந்த என் போன்
மடியில் கிடந்து துடித்தது.
திங்கட்கிழமை போகவேண்டிய
அதிபரின் அறைக் கதவு
உள்ளே திறக்குமா வெளியே திறக்குமா என்று
நினைத்துப் பார்த்துக்கொண்டு வந்தேன்.