கழித்தால் வருவது

பழைய கார்டைக் கழற்றி
வெட்டிப்போட்ட பனியன் துணிமேல் வைத்தேன்.
இரண்டு விசிறியில் ஒன்றுக்கு ஓர் இதழ் இல்லை.
அலுமினியப் பற்களுக்குள் ஏழு வருடப் பஞ்சு.
அங்கேரிபாளையம் ரோட்டில்
என் நெஞ்சுக்குள் போவதும் இதே பஞ்சுதான்,
அதைக் கழற்றி ஊத முடியாது.

புதியது காந்திபுரத்திலிருந்து
பஸ்சில், என் மடியில் வந்தது.
"மூணு விசிறிங்க்கா, பார்த்துக் கொண்டுபோங்"
என்று பில் போட்டார் கடைக்காரர் குழந்தைசாமி.
விலையைப் பார்த்தேன்:
என் நான்கு மாதச் சம்பளம்.

டப்பாவுக்குள் நீளம் போதவில்லை.
கட்டிங் ரிஸ்வானா ரம்பம் கொண்டுவந்தாள்.
டிஸ்க் மாட்டும் கூண்டை அறுத்தெறிந்து
நுழைத்தோம்.

பிறகு சோதனை.
ஆறு வயதுக் குழந்தைக்கான சட்டை,
நெஞ்சில் ஒரு திமிங்கிலம்.
டென்மார்க்காரனுக்குத் தைத்த சாம்பிள் வேண்டாம்,
தைக்காத சட்டையின் படம் போதும்:
மடிப்பு, கழுத்து ரிப், அக்குளில் விழும் நிழல்.
ஒரே கோப்பு. ஒரே மதியம். அதே முப்பத்தேழு டிகிரி.
ஒவ்வொன்றையும் மூன்று தரம் ஓட்டி
நடுவில் வந்ததை எடுத்துக்கொண்டேன்.
ஒப்பிடுவதை ஒழுங்காக ஒப்பிட வேண்டும்,
பங்காளிகள் தோட்டம் பிரித்த மாதிரி அல்ல.

பழையது: பதினொரு நிமிடம் நாற்பது விநாடி.
சூடு எண்பத்து நாலு. இரைச்சலில்
போன் மணி கேட்காது.

புதியது: நாற்பத்தெட்டு விநாடி.
சூடு அறுபத்தொன்று.
ஓடுகிறதா என்று
குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

பக்கத்துக் கம்பெனியில் காம்பேக்டிங் மிஷினைப் போட்டார்கள்.
லைட் மங்கியது, யூபிஎஸ் கதறியது,
புதியது பொத்தென்று அணைந்தது.
பழையது இந்த நேரத்தில் முனகும், நிற்காது.
மின்சாரத்தை எழுபது சதவீதத்துக்குக் கட்டிப்போட்டேன்.
ஐம்பத்தேழு விநாடி.
அதையும் தாளில் எழுதினேன்.

தாளை வாங்கிப் பார்த்தார் தெய்வசிகாமணி அண்ணன்.
"அப்ப ஒரு நாளைக்குப் பன்னெண்டு மடங்கு
ஸ்டைல் போட்டறலாமுங்ளா?"
கணக்கு சரிதான்.

தாளில் வராத கணக்கு ஒன்று.
அந்தப் பதினொரு நிமிடத்தில்
ரிஸ்வானாவோடு ஒரு டீ.
மகனின் வாத்தியாருக்கு ஒரு போன்.
சில நாள் நான்கு நிமிடம் கண்ணை மூடியிருப்பேன்,
யாரும் சம்பளத்தில் பிடித்ததில்லை:
மிஷின் ஓடிக்கொண்டிருந்ததே.
ஒரு தடவை, பாதி வரைந்து நின்ற படத்தில்
இடது கையும் வலது கையும் மாறியிருந்ததை
டீ டம்ளரோடு நின்றுதான் கண்டுபிடித்தேன்.
இன்னொரு தடவை கண்டுபிடிக்கவில்லை,
அதையும் சொல்ல வேண்டும்.

சாயங்காலம் இரண்டு படத்தையும்
ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கழித்தேன்.
முழுக் கருப்பு.
வெளிச்சத்தை நாற்பது மடங்கு ஏற்றியபின்
கழுத்து ரிப்பின் ஓரத்தில் சில புள்ளிகள்,
அவ்வளவுதான் ஏழு வருடம்.
டென்மார்க்காரன் கண்ணுக்கு அது தெரியாது.

அன்று எட்டரைக்குக் கிளம்பினேன்.
முந்தின வாரமும் எட்டரைதான்.
அடுத்த வாரம், இருபத்தாறு ஸ்டைல் முடித்தும்
எட்டரை.
இவற்றையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன்,
பஸ் ஸ்டாப்பில் நின்று.

பழையதை ரிஸ்வானா தம்பிக்குக் கொடுத்துவிட்டோம்.
இதழ் போன விசிறியைப் பிடுங்கிவிட்டு
மேசை விசிறி ஒன்றை எதிரில் வைத்திருக்கிறானாம்.
ராத்திரி போன் பண்ணினான்:
"நெழல மட்டும் அணைச்சுட்டா
நல்லா ஓடுதுங்க்கா."