டிரைவர் இல்லை

எலி கேபிளைக் கடித்த மறுநாள்
தவுக்கே பசார் மாலாமில்
பத்தொன்பது ரிங்கிட்டுக்கு வாங்கி வந்து
மேசையில் போட்டார்.
சுண்டுவிரல் நகமளவு. கறுப்பு.
வைஃபை பிடிக்குமாம்.
பெட்டியில் ஒரு பெயர், உள்ளே சிப்பு வேறு.
அங்கயற்கண்ணியை இரண்டாய்ப் பிளந்து
என் மைகாட்டில் அடித்தவனே
இதற்கும் பிறப்புப் பத்திரம் எழுதியிருப்பான்.

விண்டோஸுக்குக் காசு கட்டமாட்டேன் என்று
தவுக்கே அடம்பிடித்த வருஷம்
எடைமேடைக் கணினியில் லினக்ஸ் ஏற்றியது நான்.
ஆகவே இதுவும் என் தலையில்.

செருகினேன். யார் நீ என்று கேட்டேன்.
நாலும் நாலுமாய் எட்டெழுத்துச் சொன்னது,
நடுவில் ஒரு முக்காற்புள்ளி.
அதற்குமேல் பேச்சில்லை.
டிரைவர் இல்லை.

இந்த ரேம்ப்பில் தினம் கேட்கிற சொல்.
டிரைவர் இல்லையென்றால் குலை கிடக்கும்,
மறுநாள் பழம் உதிரும், எண்ணெய் புளிக்கும்,
ஆலைக்காரன் நூற்றுக்கு நாலு வெட்டுவான்.
வெளியே குணாளன் பதினொரு டன்னோடு நிற்கிறான்.
சீட்டு ஆலைக் கணக்கில் ஏறாமல்
லோரியை உள்ளே விடமாட்டார்கள்.

"டிரைவர் இல்லேங்குது."
"நான் இங்கதானே நிக்கிறேன்?"

டிரைவர் இணையத்தில் இருக்கிறது.
இணையத்துக்குப் போக டிரைவர் வேண்டும்.
சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியவள்போல்
திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கைப்பேசிக்கு இங்கே ஒரு கோடுகூட வராது,
நாலு பக்கமும் செம்பனை.
மோட்டாரை எடுத்தேன்.
ஆறு கிலோமீட்டர், லாபீஸ் பெரிய ரோட்டில்
காசிம் ஃபோன் கடை.
பென்டிரைவில் இறக்கிக்கொண்டு
மழைக்கு முன் திரும்பிவிட்டேன்.

மேக் என்று அடித்தேன்.
கெர்னல் ஹெடர் எங்கே என்றது.

கெர்னலா?
காற்றடித்தால் ஊரெல்லாம் அந்த வாசம்தான்.
ஆலையில் கொட்டையை உடைத்து
ஓட்டைத் தள்ளி, வெள்ளைப் பருப்பைச் சலித்து
தனி விலைக்கு அனுப்புகிறார்களே, அது.
ரெண்டுக்கும் ஓடு கெட்டி.
மறுபடி மோட்டார். இம்முறை மழையும் கூட.
காசிம் துண்டு கொடுத்தான், காசு வாங்கவில்லை.

ஹெடருக்குப் பொருந்தப் புதுக் கெர்னலும் போட்டேன்.
எழுத்துகள் கடகடவென்று மேலே ஓடின.
நிறைய முணுமுணுப்பு, பிழை என்று ஒன்றுமில்லை.
விளக்கு மட்டும் எரியவில்லை.

குடைந்து பார்த்தால்
புதுக் கெர்னலோடு கூடவே வந்த ஒருவன்
என்னுடையவனுக்கு முந்திப் போய்
சீட்டில் உட்கார்ந்திருக்கிறான்.
ஓட்டவும் தெரியாது, இறங்கவும் மாட்டான்.

கோப்பில் ஒரு வரி எழுதினேன்: பிளேக்லிஸ்ட்.
வாய்விட்டுப் படித்திருக்கிறேன் போல.
ஜன்னலுக்கு வெளியே குணாளன் முகம் சுருங்கியது.
ஜேபிஜேயில் அவனுக்கு ஏழு சம்மன்.
"உன்னை இல்லப்பா" என்றேன்.
நம்பவில்லை.

அணைத்து, மறுபடி போட்டேன்.
நீல விளக்கு ஒருதரம் சிமிட்டியது.
நின்றது.
நான் மூச்சு விடவில்லை.
பிறகு விடாமல் சிமிட்டியது,
தவுக்கே வீட்டு வைஃபை பெயர்
மகனின் நாய் பெயர் என்பது
அன்றுதான் தெரிந்தது.

மொத்தம், வெறும் லோரி, பச்சைக்காய்க் கழிவு, மிச்சம்.
சீட்டு போய்ச் சேர்ந்தது.
குணாளன் ஹாரன் அடித்துக்கொண்டு போனான்.

மை மங்கி வீணான ஒரு சீட்டின் முதுகில்
செய்ததையெல்லாம் பேனாவால் எழுதி
விசைப்பலகைக்கு அடியில் ஒட்டிவைத்தேன்.
அடுத்த கெர்னல் வந்தால்
எல்லாம் மறுபடி அறுந்துபோகும்.
அன்றைக்கும் யாராவது
லோரியோடு வெளியே நிற்பார்கள்.

சீட்டின் மறுபக்கத்தில்
பழைய எடை இன்னும் தெரிகிறது:
ஒன்பது டன், நானூற்றுப் பத்து.