மீதிச் சில்லறை

பியாச்சென்சா தெற்குச் சுங்கச்சாவடியில்
இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருந்தேன்.
கடலுக்குப் போகிறவர்களை எனக்குக்
கைகளாகத்தான் தெரியும்.
போகும்போது வெளுத்த கை.
திரும்பும்போது முழங்கைவரை சிவந்த கை,
நோட்டு மடிப்பில் மணல்.
அதை நகத்தால் கீறி மேசை விளிம்பில் சேர்ப்பேன்.
ஆகஸ்ட் முடிவதற்குள் ஒரு சிட்டிகை தேறும்.
என் கடற்கரை அவ்வளவுதான்.

என் நாற்காலியை இயந்திரத்துக்குக் கொடுத்த வருடம்
துல்லியோ தன் தங்கையின் காரை இரவல் வாங்கிவந்தான்.
ஓட்டுபவர் பக்கக் கண்ணாடி இறங்கினால் ஏறாது.
"தெற்கே போவோம், நீவெஸ்."
எவ்வளவு தெற்கே?
"அதைப் பெட்ரோலிடம் கேள்."

பார்மாவில் நிற்கவில்லை.
அந்த மூடுபனியில் பார்மா இருந்ததா என்பதே சந்தேகம்.
சீசா மலையில் சுரங்கத்துக்குப் பின் சுரங்கம்.
ஒவ்வொன்றிலும் ஹார்ன் அடித்தான்.
ஐம்பத்தெட்டு வயது ஆளுக்கு இது எதற்கென்று
ஐந்தாவது சுரங்கம்வரை முறைத்தேன்.
ஆறாவதில் நானே எட்டி அடித்தேன்.

லெரிச்சிக்குச் சற்று முன்
ஒரு மருந்துக்கடைக்கும் டயர்க்கடைக்கும் நடுவே
கடல்.
தரையோடு தரையாகக் கிடக்கும் என்று நினைத்திருந்தேன்.
எழுந்து நின்று
காருக்குள் யார் என்று பார்த்தது.

லூக்காவில் மதில்மேல் நடந்தோம்.
எதிரிக்காகக் கட்டிய மதில்,
இப்போது நாய்கள் மரத்துக்கு மரம் நின்று போகின்றன.
சோம்பு போட்ட ரொட்டியில் பாதியை
நான் பார்க்காதபோது அவன் தின்றான்.
பார்த்தேன்.

சியெனாவில் சண்டை.
கார் போகக்கூடாத தெருவில் நுழைந்துவிட்டான்.
தலைக்குமேல் கேமரா, பின்னால் சுவர்,
இருபுறமும் தலா நான்கு விரல் இடம்.
"சுங்கத்தில் இருந்தவளுக்குப் பலகை படிக்கத் தெரியாதா?"
பலகை படிக்கத் தெரியும்.
உன்னை நிறுத்தத்தான் தெரியவில்லை.
பெரிய சதுக்கத்தின் சரிவில்
ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்தோம்.
பகலெல்லாம் வாங்கிவைத்த வெயிலை
செங்கல் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்தது.
நடுராத்திரியில் அவன்தான் முதலில் பேசினான்:
"அபராதம் எவ்வளவு வரும்?"

பொசித்தானோ தாண்டிய வளைவில்
எதிரே பேருந்து.
என் ஜன்னலில் கடல் மட்டும், அதுவும் மிகக் கீழே.
எங்கள் பின்னால் ஏழு கார்,
பேருந்துக்குப் பின்னால் ஊர்.
துல்லியோவின் கை ஸ்டியரிங்கில் வெளுத்திருந்தது.
இறங்கினேன்.
சாலை நடுவில் நின்று கையைத் தூக்கினேன்:
நீ நில். நீ பின்னால் போ. இன்னும், இன்னும். போதும்.
யாரும் ஏன் என்று கேட்கவில்லை.
எலுமிச்சைக் கூடையோடு வந்த ஸ்கூட்டர்க்காரன்கூட
காலை ஊன்றிக் காத்திருந்தான்.

என்னைக் கடக்கும்போது பேருந்து ஓட்டுநர்
கையை வெளியே நீட்டினான்.
பழக்கதோஷம், நான் உள்ளங்கையை ஏந்தினேன்.
பணம் இல்லை.
ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான்.
அமால்ஃபிவரை அந்தக் கை சூடாக இருந்தது.

மயோரியில் இரண்டு நாள்.
காலுறையோடு மணலில் தூங்கினான்.
கழற்றிவிட எழுந்தேன்,
பிறகு விட்டுவிட்டேன்.
நீந்தத் தெரியாத நான்
முட்டளவு தண்ணீரில் நின்று
வந்த அலையையெல்லாம் அனுப்பிவைத்தேன்.

திரும்பும் வழியில் முதல் சுங்கச்சாவடி.
எப்படியும் திறந்தே கிடந்த ஜன்னல் வழியாக
முழங்கைவரை சிவந்த கையை துல்லியோ நீட்டினான்.
இயந்திரம் நோட்டைத் துப்பியது.
மறுபடி கொடுத்தான், மறுபடி துப்பியது.
"கொடு" என்றேன்.
மடிப்பைப் பிரித்தேன், நகத்தால் மணலைக் கீறினேன்,
வைக்க மேசை தேடினேன்.
நகத்திலேயே இருக்கட்டும்.

தடுப்பு உயர்ந்தது.
"போய்வாருங்கள்" என்றது ஒரு பெண்குரல்,
களைப்பே இல்லாமல்.
பின்னால் வரிசை ஹார்ன் அடிக்க,
மீதியை எண்ணிப் பார்த்தேன்.
எழுபது சென்ட்.
சரியாக இருந்தது.